வாசகர் கேள்வி – பதில்: பிரேசில் டிரம்ஸும் மூவர் மேடையும்

பிரேசில் நாட்டு ஜாஸ் டிரம்மர்களைப் பற்றியும், அவர்கள் முன்னின்று நடத்தும் மூவர் குழு நிகழ்ச்சிகளைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தரப்படுகிறது.

கேள்வி: பிரேசில் டிரம்மர் ஒருவரின் மூவர் நிகழ்ச்சிக்கு அடுத்த மாதம் செல்லவிருக்கிறேன். மேடையில் பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் மட்டும்தானாம், பாடகர் கிடையாது. ஜாஸ் எனக்கு அதிகம் பழக்கமில்லை. அரங்கில் உட்கார்ந்து எதைக் கவனிப்பது?

பதில்: முதலில் கால்களைக் கவனியுங்கள். டிரம்ஸ் என்றதும் பார்வை தானாகவே குச்சிகளின் பக்கம் போய்விடும். பிரேசில் டிரம்மரிடமோ பாதி வேலை தரையோடு ஒட்டி நடக்கிறது. ரியோ டி ஜெனீரோவின் கார்னிவல் ஊர்வலத்தில் ஒரு சம்பா பள்ளியின் (சம்பா என்ற ஆட்டத் தாளத்தோடு ஊர்வலம் வரும் மன்றம் அது) தாளக் குழுவில் மட்டும் இருநூறு, முந்நூறு பேர் வாசிப்பார்கள். தோளிலிருந்து தொங்கும் சுர்து என்ற பெரிய மேளம், இரண்டு அடிகள் கொண்ட அந்தத் தாளத்தின் இரண்டாவது அடியில் ஆழமாக இறங்கும். கன்ஸா என்ற குலுக்குக் கருவி இடைவிடாமல் சலசலத்துக்கொண்டிருக்கும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான தம்போரிம், மெல்லிய குச்சியின் கொத்தலில், மற்றவர்கள் விட்டுவைத்த இடங்களில் புகுந்து புகுந்து பேசும். இந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே ஆள் இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். சுர்துவின் பொறுப்பு வலக்காலின் பேஸ் டிரம்முக்கும், சில வேளை தரையில் நிற்கும் டாம் என்ற மேளத்துக்கும் வந்திருக்கும். கன்ஸாவின் சலசலப்பு சிம்பல் என்ற உலோகத் தட்டிலோ, காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டிலோ, கம்பித் துடைப்பம் போன்ற பிரஷ் தேய்க்கும் தோலிலோ கேட்கும். தம்போரிமின் பேச்சு இடக்கைக்கு, ஸ்னேர் என்ற சிறு மேளத்தின் நடுவுக்கோ விளிம்புக்கோ போயிருக்கும்.

அமெரிக்க ஜாஸின் வழக்கமான நடையான ஸ்விங் வாசிப்பில் காலத்தைக் கையில் வைத்திருப்பது ரைட் என்ற பெரிய சிம்பல். அங்கே பேஸ் டிரம் பெரும்பாலும் அடக்கி வாசிக்கும், அவ்வப்போது ஒரு வெடிப்பைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சம்பாவில் எடை கீழே இருக்கிறது. அதனால்தான் இந்த இசை எவ்வளவு வேகமாகப் போனாலும் பதற்றமாக ஒலிப்பதில்லை. மேலே கைகள் பறந்துகொண்டிருக்கும்போதும் கால்கள் நிதானமாக நடந்துகொண்டிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓர் அடியைப் பிரிக்கும் நான்கு சிறு துடிப்புகள் கடிகாரம் போல் சமமாக விழுவதில்லை, ஸ்விங் போல் நெட்டையும் குட்டையுமாகவும் விழுவதில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு நெகிழ்வு உண்டு. அதை ஓரளவுக்கு மேல் தாளில் எழுத முடியாது என்பதால், அந்த மண்ணின் டிரம்மரை நேரில் கேட்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

உருப்படியின் அமைப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் முதலில் மூவரும் மெட்டை ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டுவார்கள், பிறகு அதே சுர அமைப்பின்மேல் பியானோ சில சுற்றுகள் கற்பனையாக வாசிக்கும், அடுத்துப் பேஸ், கடைசியில் மெட்டு திரும்பி வரும். பேஸ் வாசிக்கும் நேரம்தான் என் கணிப்பில் டிரம்மருக்கு உண்மையான சோதனை. அந்தக் கருவியின் ஒலி சிறியது. அதை மூழ்கடிக்காமலும், அதே சமயம் சம்பாவின் நடை தளராமலும் வாசிக்க வேண்டும். குச்சியை வைத்துவிட்டுப் பிரஷை எடுப்பது, ஹை-ஹாட்டை மட்டும் மிதிப்பது, பேஸ் டிரம்மைத் தோலில் படும் படாத அளவுக்குக் குறைப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழி உண்டு. முடிந்தால் டிரம்மரின் கால்கள் தெரியும் பக்கத்தில் இருக்கை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிரம்மரே தலைவர் என்றால், நிகழ்ச்சி முழுவதும் தனி ஆவர்த்தனமாகவே போய்விடாதா?

பதில்: அந்தக் கவலை வேண்டாம். தலைமை என்பது பெரும்பாலும் எந்த உருப்படியை எடுப்பது, எந்த வேகத்தில் தொடங்குவது, எங்கே அமுங்கி எங்கே எழுவது என்ற முடிவுகளில்தான் தெரியும். டிரம்ஸுக்கென்று இடம் கிடைப்பது பெரும்பாலும் பியானோவோடு நான்கு நான்கு அளவைகளாக மாறி மாறி வாசிக்கும் கட்டத்தில். அங்கே நல்ல டிரம்மர் மெட்டின் வடிவத்தை விடமாட்டார், நீங்கள் மனத்துக்குள் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தால் அவர் முடிக்கும் இடமும் நீங்கள் முடிக்கும் இடமும் ஒன்றாக இருக்கும். மேடையை முழுக்கத் தானே எடுத்துக்கொள்ளும் டிரம்மர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. பிரேசில் மூவர் மரபில் அவர்கள் சிறுபான்மை.

கேள்வி: டுடுகா டா ஃபொன்சேகா என்ற பெயரை அடிக்கடி காண்கிறேன். அவருடைய இசைப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: பிரேசில் டிரம்ஸ் எப்படி உலகத்துக்கு வந்தது என்பதை ஒரே ஒருவரின் வாழ்க்கையை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் நானும் அவரைத்தான் எடுத்துக்கொள்வேன், அதனால் பதில் சுருக்கமாக அமையாது.

1951இல் ரியோவில் பிறந்தவர். சம்பாவிலிருந்து கிளைத்த மென்மையான போஸா நோவா பாணி பிறந்து வளர்ந்த இபனேமா, கோபகபானா கடலோரப் பகுதிகளின் காற்றிலேயே வளர்ந்தவர் என்று சொல்லலாம். அவர் பதின்ம வயதை எட்டிய 1960களின் நடுப்பகுதியில் அந்த ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் பியானோ மூவர் குழு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. டிரம்ஸைத் தாமாகவே கற்றுக்கொண்டு, பள்ளி வயதிலேயே சொந்த மூவர் குழு ஒன்றையும் வைத்திருந்தார். அவர் மனத்தில் வரித்துக்கொண்ட முன்னோடி எடிசன் மஷாடோ. அவரைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்ப்போம்.

1975இல் நியூயார்க் சென்றார். அது ஒரு விசித்திரமான காலம். போஸா நோவா மோகம் அமெரிக்காவில் அடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உணவகங்களில் மெல்லப் பின்னணியில் ஓடும் இசை என்ற அளவுக்கு அதை இறக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்க டிரம்மர்கள் பலர் வைத்திருந்த போஸா நோவா வாசிப்பு, ஒரே அச்சில் வார்த்த ஒரே அடுக்காக இருந்தது. அந்தச் சூழலில் பாடகி ஆஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ, புல்லாங்குழல் கலைஞர் ஹெர்பி மான் போன்றவர்களோடு வாசித்துக்கொண்டும், பிரேசிலிலிருந்து வந்த இசைஞர்களைச் சேர்த்துக் குழுக்கள் அமைத்துக்கொண்டும், டுடுகா தம் வாசிப்பின் மூலமாகவே ஒரு திருத்தத்தைச் செய்துவந்தார். அந்த அறிவை எழுத்திலும் வைத்தார். பாப் வைனருடன் சேர்ந்து 1991இல் அவர் வெளியிட்ட டிரம்ஸ் பாடநூல், சம்பாவோடும் போஸா நோவாவோடும் நிற்காமல் பார்ட்டிடோ ஆல்டோ, பையாவ், மரகாட்டு, ஃப்ரெவோ எனப் பிற தாளங்களையும் டிரம்ஸில் எப்படி அமர்த்துவது என்று படிப்படியாகக் காட்டுகிறது. உலகெங்கும் டிரம்ஸ் மாணவர்கள் இன்றும் அதை வைத்துப் பழகுகிறார்கள்.

கிட்டார் கலைஞர் ரொமேரோ லுபாம்போ, பேஸ் கலைஞர் நில்சன் மாட்டா ஆகியோரோடு அவர் அமைத்த ட்ரியோ ட பாஸ் என்ற குழுவின் முதல் ஆல்பம் 1992இல் வந்தது. பியானோ இல்லாத மூவர் குழு அது. நைலான் நரம்புக் கிட்டாருக்குப் பியானோ அளவுக்கு ஒலிப் பரப்பு கிடையாது. எனவே டிரம்ஸ் தன் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும். தணிந்த ஒலியிலும் சூடு குறையாமல் வாசிக்கும் திறன் அவருக்கு அங்கேதான் பழுத்தது என்பது என் எண்ணம். 2002இல் அவர் தம் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு லத்தீன் ஜாஸ் பிரிவில் கிராமி பரிந்துரை கிடைத்தது.

உங்களுக்கு நான் முக்கியமாகப் பரிந்துரைப்பது அதற்குப் பின் வந்தவை. பியானோவில் டேவிட் ஃபெல்ட்மன், பேஸில் குடோ விர்ட்டி என்ற இரு இளையவர்களோடு அவர் நடத்திய மூவர் குழு, மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக் கிட்டார் கலைஞர் டோனின்யோ ஹோர்ட்டாவின் இசைக்கு 2011இல் ஓர் ஆல்பத்தையும், பியானோ கலைஞர் டோம் சால்வடோரின் இசைக்கு 2018இல் இன்னோர் ஆல்பத்தையும் ஒதுக்கியது. இரண்டாவதில் ஓர் உட்பொருள் உண்டு. டோம் சால்வடோர் 1965இல் ரியோவில் நடத்திய மூவர் குழுவின் டிரம்மர் எடிசன் மஷாடோதான். பின்னர் அமெரிக்காவில் குடியேறிய சால்வடோர், 1977 முதல் பல பத்தாண்டுகள் புரூக்ளின் பாலத்தின் அடியிலுள்ள ஓர் உணவகத்தில் இரவுதோறும் பியானோ வாசித்தவர். சாப்பிட வந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்? அவருடைய இசையை எடுத்து, தம் ஆசான் ஸ்தானத்தில் இருந்தவர் உட்கார்ந்த இடத்தில் டுடுகா உட்காருகிறார். அறுபதைக் கடந்த ஒருவரின் வாசிப்பு அது; ஓட்டத்தைக் காட்டும் ஆசையெல்லாம் தீர்ந்து, எதை விட்டுவிடலாம் என்று தெரிந்த கை.

கேள்வி: சம்பாவை சிம்பலுக்குக் கொண்டுவந்தவர் எடிசன் மஷாடோ என்கிறார்கள். அப்படியானால் அதற்கு முன்பு எப்படி வாசித்தார்கள்?

பதில்: தோலில் வாசித்தார்கள். பிரேசில் டிரம்ஸின் தந்தை என்று மதிக்கப்படும் லூசியானோ பெரோனி (1908–2001) ரியோவின் தேசிய வானொலி நிலைய இசைக்குழுவில் இருந்தவர். ஸ்னேரிலும் டாம்களிலும் சம்பாவை அவர் அமர்த்திய விதம் நெடுங்காலம் இலக்கணமாக இருந்தது. வானொலியின் ஒற்றை மைக்கின் முன்னால் தாளக் கருவிகள் போதாத நிலையில், சம்பாவின் தாள வெட்டுகளை டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுகருவிகளுக்கே பகிர்ந்து எழுதலாம் என்று இசையமைப்பாளர் ரடமேஸ் நியடாலியிடம் யோசனை சொன்னவரும் அவரே. பிற்கால பிரேசில் வாத்திய இசையின் முகத்தையே மாற்றிய யோசனை அது. டிரம்மரின் மூளையிலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மஷாடோ (1934–1990) செய்தது, வலக்கையைத் தோலிலிருந்து தூக்கிச் சிம்பலின்மேல் வைத்தது. ஒரு நடன நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஸ்னேரின் தோல் கிழிந்துவிட, நடனத்தை நிறுத்த முடியாமல் சிம்பலிலேயே சம்பாவைத் தொடர்ந்தார் என்றும் அப்படித்தான் இந்த வழி பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. இப்படிப்பட்ட கதைகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு என்று பிரித்தறிவது கடினம். அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ரைட் சிம்பலின் மேல் ஆசை வந்ததற்கு ஒரு விபத்து தேவைப்பட்டிருக்காது. விளைவுதான் முக்கியம். தோலின் ஒலி பட்டென்று எழுந்து அடங்கிவிடும். சிம்பலின் ஒலி பரவி நீளும். அந்த நீளும் ஒலி குழுவின் இடைவெளிகளையெல்லாம் நிரப்பியதும், இடக்கைக்குக் காலக் கணக்கைச் சுமக்கும் வேலை போய், ஸ்னேரில் விருப்பப்படி எதிர்வாதம் செய்யும் சுதந்திரம் கிடைத்தது. சம்பா-ஜாஸ் என்று இன்று சொல்லப்படும் பாணியின் முதுகெலும்பு இதுதான்.

1964இல் மஷாடோ தம் பெயரில் வெளியிட்ட ஆல்பத்தை ஒருமுறையாவது கேளுங்கள். மொஆசிர் சாண்டோஸ் போன்றவர்களின் இசை, சாக்ஸபோனில் பாவ்லோ மௌரா, டிராம்போனில் ரவுல் டி சௌசா, பியானோவில் டெனோரியோ ஜூனியர் என்று ஊரின் சிறந்த கைகள் ஒன்றுகூடிய பதிவு. ஊதுகருவிகள் கூர்மையாக வெட்டும் இடங்களில் டிரம்ஸ் அவற்றின் அடியில் பதுங்காமல் பக்கத்திலேயே நின்று வாதிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க்கில் போஸா நோவா இசையமைப்பாளர் ஜோபிம் பதிவுசெய்த வாத்திய ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவரும் இதே மஷாடோதான். அங்கே அவர் இருக்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். முரட்டு டிரம்மர் என்று அவருக்கு முத்திரை குத்தியவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தங்கள் தீர்ப்பை மாற்றிக்கொள்வார்கள்.

கேள்வி: 1960களில் பிரேசிலில் இத்தனை மூவர் குழுக்கள் ஒரே நேரத்தில் முளைத்தது எப்படி? பிறகு அவை எங்கே போயின?

பதில்: முளைத்ததற்கு முதல் காரணம் இடப் பற்றாக்குறை. கோபகபானாவில் டுவிவியே தெருவை ஒட்டிய முட்டுச்சந்து ஒன்றில் பாட்டில்ஸ் பார், லிட்டில் கிளப், பக்காரா என்று தீப்பெட்டி அளவில் சில இரவு விடுதிகள் அடுத்தடுத்து இருந்தன. இரவெல்லாம் ஓயாத சத்தத்தில் எரிச்சலடைந்த மாடிவாசிகள் மேலிருந்து காலி பாட்டில்களை வீசியதால், அந்தச் சந்துக்கே பாட்டில் சந்து என்று பெயர் வந்துவிட்டது. அங்கே பெரிய இசைக்குழுவை உட்கார வைக்க இடமும் இல்லை, கூலி கொடுக்க வருமானமும் இல்லை. பியானோ, பேஸ், டிரம்ஸ் என்ற மூவர் அமைப்பு அந்த மூலைகளுக்குப் பொருந்தியது. பாடகர் வந்தால் துணை வாசிக்கும், வராவிட்டால் தானே நிகழ்ச்சி நடத்தும்.

லூயிஸ் கார்லோஸ் வின்யாஸ், டியாவ் நெட்டோ, எடிசன் மஷாடோ ஆகிய மூவரின் போஸா ட்ரேஸ் குழு இந்த வழியில் முன்னே நடந்தது. லூயிஸ் எசா, பெபெட்டோ, எல்சியோ மிலிட்டோ மூவரின் தம்பா ட்ரியோ பாடவும் செய்தது. மிலிட்டோ நின்றுகொண்டே வாசிக்கத் தாமே ஒரு தாளக் கருவித் தொகுப்பை வடிவமைத்துக்கொண்டார். சாவ் பாவ்லோவில் 1964இல் அமில்டன் கோடோய், லூயிஸ் ஷாவேஸ், ரூபென்ஸ் பர்சோட்டி சேர்ந்து தொடங்கிய ஜிம்போ ட்ரியோ, அடுத்த ஆண்டே பாடகி எலிஸ் ரெஜினாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியாக வீடு வீடாகச் சென்றது. அந்த மூவரும் 1973இல் அந்நகரில் ஓர் இசைப் பள்ளியையும் நிறுவினார்கள்.

எங்கே போயின என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 1960களின் பிற்பாதியில் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிகளும் மின்கிட்டாரும் இளைஞர்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டன. 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம், 1968 டிசம்பரில் கொண்டுவந்த ஐந்தாம் எண் ஆணையோடு கெடுபிடியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. வாத்திய இசைக்குத் தணிக்கை செய்ய வரிகள் இல்லை என்றாலும், வாழ்வாதாரம் சுருங்கியது. கை தேர்ந்த டிரம்மர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு சென்றார்கள். மஷாடோவும் 1976இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அவருடைய 1964 ஆல்பத்தில் பியானோ வாசித்த டெனோரியோ ஜூனியரின் கதை இதைவிடக் கொடுமையானது: 1976 மார்ச்சில், கவிஞர் வினீசியஸ் டி மொராயிஸ் குழுவோடு போயனஸ் அயர்ஸ் சென்றிருந்தபோது, இரவில் விடுதியை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றுவதற்குச் சில நாட்கள் முன்பு நடந்தது இது.

கேள்வி: டிரம்ஸ் பயில்கிறேன். சம்பாவின் கால் வேலை எனக்குப் பிடிபடவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓர் அடியைத் த-க-தி-மி என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலக்காலின் பேஸ் டிரம் 'த'விலும் 'மி'யிலும் விழ வேண்டும்; இடக்காலின் ஹை-ஹாட் 'தி'யில் மூட வேண்டும். 'க'வில் கால்கள் சும்மா இருக்கும். இதை இரண்டு முறை சொன்னால் சம்பாவின் ஒரு சுற்று. நிமிடத்துக்கு அறுபது அடி என்ற வேகத்தில், வாயால் சொல்லிக்கொண்டே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கால்களை மட்டும் பழகுங்கள்.

தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பிழை, நான்கு பேஸ் டிரம் அடிகளையும் ஒரே கனத்தில் போடுவது. 'மி' என்பது அடுத்த 'த'வுக்குக் கொண்டுபோய் விடும் ஒரு சிறு எகிறல்தான். அதை மெலிதாக விட்டு, 'த'வில் எடையை இறக்குங்கள். இரண்டு 'த'க்களில் இரண்டாவதற்குக் கூடுதல் எடை கொடுங்கள். சுர்துவின் குணம் அப்போதுதான் காலுக்கு வரும். இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓடும் என்ற நிலை வந்த பிறகு, வலக்கையில் நான்கு துடிப்புகளையும் மெல்லச் சேர்த்து, இடக்கையில் ஒரே ஓர் அடியை எடுத்துக்கொண்டு அதை 'க', 'தி', 'மி' என ஒவ்வோர் இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கால் தடுமாறும் இடம் எதுவோ அதுதான் உங்களுக்கான பாடம். வேகம் கூடும்போது கணுக்கால் இறுகினால் நிறுத்திவிட்டு மறுபடி மெதுவாகத் தொடங்குங்கள். இறுக்கத்தோடு பழகிய கால் பிறகு இளகுவதற்குப் படாத பாடு படுத்தும்.

கேள்வி: போஸா நோவா, சம்பா-ஜாஸ் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒரே வீட்டுப் பிள்ளைகள், குணம் வேறு. போஸா நோவாவில் தாளத்தின் தலைமை கிட்டாரிடம் இருக்கிறது. பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் கட்டைவிரல் சுர்துவைப் போல் நடக்க, மற்ற விரல்கள் தம்போரிமைப் போல் வெட்டும். அதன்மேல் குரல் தன் விருப்பத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக மிதக்கும். டிரம்மருக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அழியாப் பெயர் பெற்றவர் மில்டன் பனானா (1935–1999). 1958இல் ஜில்பெர்ட்டோவின் திருப்புமுனைப் பதிவிலும், 1962 நவம்பர் 21 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில் நடந்த போஸா நோவா இரவிலும், 1963 மார்ச்சில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு செய்த உலகப் புகழ் பெற்ற பதிவிலும் இருந்தவர் அவர். ஹை-ஹாட்டின் மெல்லிய ஓட்டமும், ஸ்னேரின் விளிம்பில் குச்சியைப் படுக்க வைத்துத் தட்டும் ஒலியும், கேட்காத குறையாக நடக்கும் பேஸ் டிரம்மும்தான் அவருடைய சொத்து முழுவதும்.

சம்பா-ஜாஸில் அந்தத் தலைமை டிரம்ஸுக்கு வருகிறது. ஒலியும் உயர்கிறது, கற்பனை வாசிப்புக்கு இடமும் நீள்கிறது. இதே பனானா பிறகு தம் பெயரிலேயே மூவர் குழு வைத்து வரிசையாக ஆல்பங்கள் வெளியிட்டபோது, அடக்கத்துக்குப் பெயர்போன அந்தக் கைகளில் எவ்வளவு துள்ளல் இருந்தது என்பது ஊருக்குத் தெரிந்தது.

கேள்வி: ஏர்டோ மொரெய்ரா டிரம்மரா, பலவகைத் தாளக் கருவிக் கலைஞரா?

பதில்: இரண்டும். தெற்கிலுள்ள சாண்டா கட்டாரினா மாநிலத்தில் 1941இல் பிறந்தவர். சாவ் பாவ்லோவில் செசார் கமார்கோ மரியானோவின் பியானோவோடு சம்பலான்சோ ட்ரியோவில் டிரம்மராகத்தான் முதலில் பெயர் எடுத்தார். 1967இல் எர்மெட்டோ பாஸ்கோவால் உள்ளிட்டோரின் குவார்டெட்டோ நோவோ, வடகிழக்குப் பகுதியின் பையாவ் போன்ற தாளங்களை ஜாஸின் இலக்கணத்தோடு இணைத்தபோது அங்கேயும் தாளம் அவருடையதே. அமெரிக்கா சென்ற பிறகு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் குயிக்கா, பெரிம்பாவ், சலங்கை, குலுக்கு என்று ஒரு மேசை நிறையக் கருவிகளோடு அவர் நின்ற கோலம்தான் உலகின் நினைவில் தங்கிவிட்டது. 1972இல் பியானோ கலைஞர் சிக் கொரியாவின் ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவின் முதல் ஆல்பத்தில் அவர் மறுபடி டிரம்ஸில் உட்கார்ந்தார். ஃப்ளோரா பூரிமின் குரலுக்கும் ஸ்டான்லி கிளார்க்கின் பேஸுக்கும் அடியில் சம்பாவின் கால் நடையை அமெரிக்க மின்பியானோவோடு ஒட்ட வைத்த அந்த வாசிப்புக்குத் தகுந்த பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பிரேசிலில் பெண் டிரம்மர்கள் இல்லையா?

பதில்: இருக்கிறார்கள். சாவ் பாவ்லோவின் லிலியன் கர்மோனா, வேரா ஃபிகெய்ரெடோ இருவரும் மூத்தவர்கள். ஃபிகெய்ரெடோவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழுவின் டிரம்மராகப் பிரேசில் முழுவதும் அறியும்.

கேள்வி: நிகழ்ச்சிக்குப் போகும் முன் இன்றைய தலைமுறையின் மூவர் குழு ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். எதைக் கேட்கலாம்?

பதில்: சாவ் பாவ்லோவின் ட்ரியோ கொரென்டே. ஃபாபியோ டோரெஸ் பியானோ, பாவ்லோ பாவ்லெல்லி பேஸ், எடு ரிபெய்ரோ டிரம்ஸ். கியூபாவில் பிறந்த சாக்ஸபோன், கிளாரினெட் கலைஞர் பாகிட்டோ டிரிவேராவோடு இவர்கள் சேர்ந்து செய்த ஆல்பம் 2014இல் சிறந்த லத்தீன் ஜாஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. ரிபெய்ரோவின் வாசிப்பில் சிம்பலுக்கும் தோலுக்கும் இடையிலிருந்த பழைய வழக்கு தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஒரே சுற்றுக்குள் பெரோனியின் டாம்களிலிருந்து மஷாடோவின் சிம்பலுக்கும், அங்கிருந்து பனானாவின் விளிம்புத் தட்டலுக்கும் அவர் போய் வருவார். வேகமான உருப்படிகளில் மூவரும் ஒரே மூச்சில் நின்று ஒரே மூச்சில் புறப்படும் இடங்கள் முதல் கேட்பில் திகைக்க வைக்கும். என் குறை ஒன்றே ஒன்று: அந்தத் துல்லியம் சில வேளை அளவுக்கு மீறிப்போய், அந்தப் பாட்டில் சந்து விடுதிகளின் புகை இல்லாத குறை தெரிகிறது.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மஷாடோவின் 1964 ஆல்பம், அடுத்து டுடுகா மூவரின் 2018 ஆல்பம், கடைசியில் ட்ரியோ கொரென்டே. மூன்றையும் ஒரே நாளில் கேட்காமல் இடைவெளி விட்டுக் கேளுங்கள். பேஸ் டிரம்மின் ஒலி எழாத சிறிய கைப்பேசி ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம்.